யாளி போட்ட கடிதத்தாள்: கூழ் கரைப்பதிலிருந்து தபால்பெட்டி வரை

கடிதத்தாள் என்றால் அதில் கடிதம் எழுத முடிய வேண்டும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கடைகளில் அழகான பெட்டியில் வைத்து விற்கும் ஹேண்ட்மேட் பேப்பர் செட்டுகளில் பலவற்றில் அது முடியாது. இங்க் பேனாவை எடுத்து ‘அன்புள்ள’ என்று எழுதினால் ‘ன்’ மேல் வைத்த புள்ளி ‘ள்’ வரைக்கும் ஊறிப் போய்விடும். படம் அட்டகாசமாக இருக்கும், ஆனால் தாளில் முக்கால்வாசி இடத்தை அதுவே பிடித்துக்கொண்டிருக்கும், எழுத மிச்சம் இருப்பது நாலு வரி. கடைசியில் அந்த செட்டை யாரும் எழுதப் பயன்படுத்துவதில்லை, அலமாரியில்தான் கிடக்கும்.

அதனால் இந்த வழிகாட்டியில் முதலில் பேனா, அப்புறம்தான் யாளி. நாமே ஊற்றி எடுத்த பருத்திக் காகிதம், அதில் மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்ட கோயில் விலங்கு, கூடவே மடிப்பு அட்டையும் கவரும். சமையலறை, ஒரு மேஜை, நிழலில் ஒரு துணிக்கொடி இருந்தால் போதும். ஆனால் ஒரே வாரக்கடைசியில் முடித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள், காய்வதற்கான நேரம்தான் இதில் பெரும்பகுதி.

காகிதம்: செய்வதா, வாங்குவதா

வாங்கலாம், தப்பே இல்லை. புதுச்சேரியில் ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தின் கைக்காகிதத் தொழிற்சாலை 1959-லிருந்து இருக்கிறது, ஜெய்ப்பூர் பக்கம் சாங்கானேர் இதற்கே பேர்போன ஊர். அந்த சாங்கானேரில் இருக்கிற தேசியக் கைக்காகித நிறுவனத்துக்கு வைத்திருப்பது ஒரு தமிழர் பெயர். தஞ்சாவூரில் 1892-ல் பிறந்த ஜே.சி. குமரப்பாதான் அவர். காந்தியோடு சேர்ந்து 1934-ல் தொடங்கிய அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கத்தில் கைக்காகிதத்தையும் ஒரு முக்கியமான தொழிலாக எடுத்துச் செய்தவர். அதற்கும் இருநூறு வருஷத்துக்கு முன்னாலேயே தரங்கம்பாடியில் டேனிஷ் மிஷன் நடத்திய அச்சகத்துக்குக் காகிதம் போதாமல் பக்கத்துப் பொறையாரில் காகிதப் பட்டறை போட்டிருக்கிறார்கள். ஆக, காகிதம் ஊற்றுவது நம் ஊருக்குப் புதுசு இல்லை.

வாங்குவதானால் கடைக்காரரிடம் இரண்டே கேள்வி கேளுங்கள்: எத்தனை ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்ற கணக்கு), சைஸிங் செய்ததா. கடிதத்தாளுக்கு 90 முதல் 120 ஜிஎஸ்எம், மடிப்பு அட்டைக்கு 200 முதல் 250, கவருக்கு 100 பக்கம் இருக்கட்டும். சைஸிங் என்பது மை ஊறாமல் இருக்கக் காகிதத்துக்குக் கொடுக்கும் பசை. கடைக்காரருக்குத் தெரியவில்லை என்றால் ஓரத்தில் நாக்கு நுனியால் தொட்டுப் பாருங்கள், பார்க்க விசித்திரமாக இருக்கும்தான், ஆனால் ஈரம் உடனே உள்ளே போய் மறுபக்கம் கருத்தால் சைஸிங் இல்லை. தொட்ட தாளை வாங்கிவிடுங்கள்.

பூ இதழ், வைக்கோல், பளபளப்புத் துகள் எல்லாம் கலந்த தாளை இந்த வேலைக்கு எடுக்காதீர்கள். அச்சு பதியும்போது ஒவ்வொரு துகளும் ஒரு வெள்ளைப் புள்ளியாக நிற்கும், பேனா நிப்பும் அதில் மாட்டும்.

கூழ்

வீட்டில் செய்ய இரண்டு பொருள். ஒன்று, ஹேண்ட்மேட் அல்லது வாட்டர்கலர் தாள்களின் வெட்டுத் துண்டுகள், பைண்டிங் கடைகளிலும் கார்டு செய்பவர்களிடமும் கிடைக்கும். இரண்டாவது, வெள்ளைப் பருத்தித் துணி, பழைய பனியன் நன்றாக வரும். மூன்று பங்கு தாள், ஒரு பங்கு துணி என்று வைத்துக்கொள்ளுங்கள். முழுக்கத் துணியிலேயே செய்ய ஆசைப்பட வேண்டாம். தொழிற்சாலையில் துணியை மணிக்கணக்கில் தண்ணீரில் சுற்றவைத்து அடிக்க ஹாலந்தர் பீட்டர் என்று தனி இயந்திரம் இருக்கிறது, மிக்ஸியால் அந்த வேலையைச் செய்ய முடியாது, அது துணியை வெட்டத்தான் செய்யும், இழை இழையாகப் பிரிக்காது.

கல்யாணப் பத்திரிகைகளைப் போடலாமா என்று பலர் கேட்பார்கள். லேமினேஷனும் தங்க ஃபாயிலும் இல்லாததாக இருந்தால் போடலாம். பிள்ளையார் படம் போட்ட பக்கத்தை மிக்ஸியில் அரைக்க மனசு வராது என்றால் அதைக் கிழித்து எடுத்து வைத்துவிட்டு மற்றதைப் போடுங்கள்.

பனியனின் தையல், எலாஸ்டிக் எல்லாவற்றையும் வெட்டித் தள்ளிவிட்டு மிச்சத்தை ஒரு சென்டிமீட்டருக்கு மேல் போகாத துண்டுகளாக வெட்டுங்கள். இந்த இடத்தில் சோம்பல் பட்டால் நீளநூல் மிக்ஸி பிளேடில் சுற்றி மோட்டார் புகையும். 100 கிராம் துணிக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், 15 முதல் 20 கிராம் சலவைச் சோடா, ஸ்டெயின்லெஸ் பாத்திரத்தில் சிறு தீயில் இரண்டு மணி நேரம். அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது, சோடா அதை அரித்துவிடும்.

வேகவைத்ததை நிறைய தண்ணீர் விட்டு அலசுங்கள். எவ்வளவு அலசினால் போதும் என்று தெரிந்துகொள்ள ஒரு சிட்டிகை மஞ்சள்தூள் இருந்தால் போதும். பிழிந்த துணியில் ஈர மஞ்சளைத் தடவுங்கள், மஞ்சளாகவே இருந்தால் சரி, சிவந்தால் சோடா இன்னும் உள்ளே இருக்கிறது, திரும்ப அலசுங்கள். இந்தச் சோதனை நம் வீடுகளுக்கு ரொம்பவே முக்கியம், ஏனென்றால் நாளைக்கு இந்தத் தாளில் ஒரு அழைப்பு எழுதி வழக்கப்படி நாலு மூலையிலும் மஞ்சள் தடவும்போது அது குங்குமம் மாதிரிச் சிவந்து நின்றால் வீட்டுப் பெரியவர்களுக்குப் பதில் சொல்லி மாளாது.

தாள் துண்டுகளை ஓர் இரவு முழுக்க ஊறவைத்து, கைப்பிடி கைப்பிடியாக, ஜாரில் முக்கால்வாசி தண்ணீர் விட்டு அரை நிமிடம் ஓட்டுங்கள். துணியை இன்னும் குறைவாக, ஒரு தடவைக்கு இரண்டு சிட்டிகை. சமையலுக்கு வைத்திருக்கும் மிக்ஸியைத் தொடாமல் பழைய மிக்ஸி ஒன்றைத் தேடுவது குடும்ப அமைதிக்கு நல்லது. ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் கூழைக் கலக்கி வெளிச்சத்தில் பாருங்கள், கட்டி இல்லாமல் மேகமாக மிதந்தால் பதம் வந்துவிட்டது.

சரி, எவ்வளவு கூழ்? இதற்குக் கணக்கு சுலபம். ஏ5 தாளின் பரப்பு 0.031 சதுர மீட்டர், அதனால் 100 ஜிஎஸ்எம் தாள் ஒன்றுக்குக் காய்ந்த எடையில் சுமார் 3.1 கிராம் இழை தேவை. 12 தாளுக்கு 37 கிராம். ஆனால் தொட்டியில் கடைசித் துளி வரை அள்ள முடியாது, அதனால் 60, 70 கிராமாக எடுத்துக்கொள்ளுங்கள். தாள் காய்ந்ததும் சமையலறைத் தராசில் போட்டுப் பார்த்தால் உங்கள் தாள் எத்தனை ஜிஎஸ்எம் என்று உடனே தெரிந்துவிடும்.

தாள் எடுப்பது

ஒரே அளவில் இரண்டு மரச்சட்டம், உள்ளளவு 15 × 21 சென்டிமீட்டர். ஒன்றில் ஜன்னலுக்கு அடிக்கும் ஸ்டீல் கொசுவலையை நன்றாக இழுத்து அடியுங்கள். நைலான் வலை தண்ணீரில் தொய்ந்து நடுவில் பள்ளமாகும், அப்போது தாளின் நடுப்பகுதி தடித்துவிடும். இன்னொன்று வெறும் சட்டம், வலைச் சட்டத்தின் மேல் உட்காரும். அதுதான் தாளின் ஓரத்தைத் தீர்மானிக்கிறது.

அகலமான பிளாஸ்டிக் தொட்டியில் முழங்கை முங்காத அளவு தண்ணீர், அதில் கூழைக் கொட்டிக் கையால் கலக்குங்கள். இரண்டு சட்டத்தையும் சேர்த்துப் பிடித்து, செங்குத்தாக இறக்கி, தண்ணீருக்கு அடியில் படுக்கையாகத் திருப்பி, ஒரே மூச்சில் நேராக மேலே தூக்குங்கள். தண்ணீர் வடிந்துகொண்டிருக்கும்போதே இடவலமாக இரண்டு ஆட்டு, முன்பின்னாக இரண்டு ஆட்டு. இந்த ஆட்டல்தான் இழைகளை ஒன்றோடொன்று பின்னவைக்கிறது. தண்ணீர் வடிந்து மேற்பரப்பின் பளபளப்பு மறைந்த பிறகு ஆட்டினால் தாள் விரிசல் விடும். ஒவ்வொரு இரண்டு மூன்று தாளுக்கும் கொஞ்சம் கூழ் சேர்த்துக் கலக்குங்கள், இல்லாவிட்டால் முதல் தாள் அட்டையாகவும் கடைசித் தாள் டிஷ்யூவாகவும் வரும்.

மேல்சட்டத்தை எடுக்கும்போது தண்ணீர் சொட்டினால் தாளில் வட்டவட்டமாகத் தடம் விழும், அது போகவே போகாது. சட்டத்தைச் சாய்க்காமல் பக்கவாட்டில் விலக்கி எடுங்கள். அடுத்து, நனைத்துப் பிழிந்த பழைய வேட்டித் துணியை ஒரு பலகையில் விரித்து, வலைச் சட்டத்தின் ஒரு நீள ஓரத்தை அதில் ஊன்றி, கவிழ்த்து அழுத்தி, எதிர் ஓரம் வழியாக உருட்டித் தூக்குங்கள், தாள் துணியில் தங்கிவிடும். துணி காய்ந்திருந்தால் தாள் வலையை விட்டு வராது. அதன் மேல் இன்னொரு ஈரத்துணி, அதன் மேல் அடுத்த தாள் என்று அடுக்கிக்கொண்டே போங்கள்.

அடுக்கை இரண்டு பலகைக்கு நடுவில் வைத்து நாலு மூலையிலும் கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். வீட்டில் அம்மிக்கல் இருந்தால் அதையும் தூக்கி வைக்கலாம், ஆனால் கிளாம்ப் அழுத்தத்துக்கு அது வராது. கால் மணி நேரம் கழித்து, துணியோடு ஒவ்வொரு தாளையும் எடுத்து வழவழப்பான கண்ணாடியிலோ கிரானைட்டிலோ ஒட்டி, துணி மேலாகத் தேய்த்துவிட்டுத் துணியை உரித்து எடுங்கள். நிழலில் காயட்டும். கண்ணாடியைத் தொட்டிருந்த பக்கம் வழவழப்பாக வரும், அதுதான் எழுதும் பக்கம், அச்சுக்கும் அதுவே.

பேனாவுக்கான பூச்சு

பலர் தவிர்த்துவிடும் படி இது. ஜெலட்டின் நன்றாக வேலை செய்யும்: ஒரு லிட்டர் தண்ணீருக்கு 20 கிராம், முதலில் குளிர்ந்த நீரில் ஊறவைத்து அப்புறம் கை பொறுக்கும் சூட்டில் கரையுங்கள், கொதிக்கவிடாதீர்கள். அகலத் தட்டில் ஊற்றி, நன்றாகக் காய்ந்த தாளை ஒவ்வொன்றாக நழுவவிட்டு, நனைந்ததும் தூக்கி வடியவிட்டு, வலை மேல் பரப்பிக் காயவைக்க வேண்டும். ஈரத்தில் தாள் பலவீனமாக இருக்கும், அதனால் கிளிப் போட்டுத் தொங்கவிட்டால் கிழியும்.

ஜெலட்டின் மாடு, பன்றி போன்ற விலங்குகளின் எலும்பு, தோலிலிருந்து வருவது, வேண்டாம் என்பவர்கள் நீர்க்கக் காய்ச்சி வடிகட்டிய மைதாக் கஞ்சியைப் பூசலாம், வேலை நடக்கும். ஆனால் கஞ்சி பூசிய தாளைக் கரப்பானும் வெள்ளிப்பூச்சியும் தேடி வரும். பைண்டிங் பட்டறைக்காரர்கள் பசையில் மயில்துத்தம் கலப்பது இதற்காகத்தான், அது விஷம், குழந்தைகள் இருக்கிற வீட்டில் அந்தப் பக்கமே போகாதீர்கள். தாள் வைக்கும் பெட்டியில் இரண்டு துண்டு வசம்பு போட்டால் போதும்.

காய்ந்ததும் நீங்கள் வழக்கமாக எழுதும் பேனாவால் மூலையில் நாலு எழுத்து எழுதிப் பாருங்கள். ஓரம் கூர்மையாக நின்றால் அடுத்த வேலைக்குப் போகலாம். கொஞ்சம் பிசிறினால் இன்னொரு முறை முக்குங்கள். கோணல் விழுந்த தாள்களை இரண்டு துணிக்கு நடுவில் வைத்து மிதமான சூட்டில் இஸ்திரி போட்டு, புத்தகக் கட்டுக்கு அடியில் ஓர் இரவு வையுங்கள்.

எந்த விலங்கு, எந்த இடத்தில்

எனக்குப் பிடித்த பகுதி இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டுகிறேன்.

நம் கோயில்களில் இந்த விலங்குகள் எல்லாம் ஏற்கெனவே ஒரு குறிப்பிட்ட வடிவ இடத்துக்குள் அடங்கும்படிதான் செதுக்கப்பட்டிருக்கின்றன. தூணில் வரும் யாளி ஒல்லியான செவ்வகத்துக்குள் பின்னங்காலில் நிமிர்ந்து நிற்கிறது. தோரணத்தில் வரும் மகரம், அதாவது முதலையும் யானையும் கலந்த மாதிரியான விலங்கு, மூலையில் உட்கார்ந்து வாயிலிருந்து கொடியை வெளியே விடுகிறது. கீர்த்திமுகம், அதாவது துருத்திய கண்ணோடு வாயைப் பிளந்த சிங்கமுகம், வளைவின் உச்சியில் இருக்கிறது. சிற்பி கண்டுபிடித்து வைத்த இந்தத் தீர்வுகளை அப்படியே தாளுக்கு எடுத்துக்கொள்ளலாம், நடுப்பக்கத்தில் ஒரு சிங்கத்தைப் பெரிசாகப் போட்டு எழுத்தை விரட்ட வேண்டியதே இல்லை.

யாளி இடது ஓரத்துக்கு. ஏ5 தாளில் 28 மில்லிமீட்டர் அகலம், 170 உயரத்துக்கு ஒரு பட்டை ஒதுக்கினால் எழுதுவதற்குப் பத்து சென்டிமீட்டருக்கு மேல் அகலம் மிச்சம் இருக்கும். சிங்க உடம்பு, துருத்திய கண், சுருள் பிடரி, சிலவற்றில் யானைத் தும்பிக்கையும் தந்தமும். காலடியில் குட்டி யானை ஒன்று நசுங்கிக்கொண்டிருப்பதையும் பார்க்கலாம். மதுரைப் புதுமண்டபம், வேலூர் ஜலகண்டேசுவரர் கோயில் கல்யாண மண்டபம், தாரமங்கலம் கைலாசநாதர் கோயில் மூன்றிலும் நல்ல யாளிகள் இருக்கின்றன. தாரமங்கலத்தில் யாளியின் வாய்க்குள் கல் உருண்டை உருளும், வெளியே எடுக்க முடியாது. போட்டோ எடுத்தால் மட்டும் போதாது, பென்சிலால் அங்கேயே ஒரு கிறுக்கலாவது போட்டுக்கொண்டு வாருங்கள். போட்டோவில் நிழலும் கோடும் ஒன்றாகக் கலந்துவிடும், எது பிடரி எது கழுத்துமணி என்று வீட்டுக்கு வந்து முழிக்க வேண்டியிருக்கும்.

மகரம் கடிதத்தாளுக்கென்றே பிறந்தது என்று சொல்வேன். கீழ் இடது மூலையில் தலை, வாய் மேல் நோக்கித் திறந்து, அதிலிருந்து கிளம்பும் கொடி இடது ஓரமாக ஏறி மேல் ஓரத்தில் பாதி வரைக்கும் போய்ச் சுருண்டு நிற்கட்டும். தலைக்கு ஒரு கட்டை, கொடிக்கு ஒரு கட்டை என்று பிரித்துச் செதுக்கினால் அட்டையில் தலை மட்டும், கவரில் கொடி மட்டும் என்று மாற்றி மாற்றிப் போடலாம்.

கீர்த்திமுகம் கவரின் மடல் முக்கோணத்துக்குச் சரியாகப் பொருந்தும். கண்டபேருண்டம், அதாவது கர்நாடக அரசு முத்திரையில் இருக்கிற இரட்டைத்தலைப் பறவை, இடமும் வலமும் ஒன்றே என்பதால் அச்சில் படம் இடவலம் மாறும் குழப்பம் கிடையாது, முதல்முறை செதுக்குபவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். மடிப்பு அட்டைக்கு தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலில் இருக்கும் ரிஷபகுஞ்சரம்: காளைக்கும் யானைக்கும் சேர்த்து ஒரே தலை, ஒரு பக்கத்து உடம்பைக் கையால் மறைத்தால் காளை, மறுபக்கத்தை மறைத்தால் யானை. அதை அட்டையின் மடிப்பில் வருகிற மாதிரி வைத்து அச்சிட்டால், மடித்துத் திருப்பும்போது ஒன்று மற்றொன்றாகும். அன்னம் சின்ன முத்திரையாக எங்கே வேண்டுமானாலும் உட்காரும். சரபத்தை இப்போதைக்கு விட்டுவிடுங்கள், சிறகு, எட்டுக்கால், சிங்கமுகம் என்று 3 சென்டிமீட்டரில் அடைத்தால் மைக்கறையாகத்தான் தெரியும்.

வரையும்போது ஒரே விதி: எந்தக் கோடும் ஒரு மில்லிமீட்டருக்குக் கீழே போகக்கூடாது, இரண்டு கோட்டுக்கு நடுவில் உள்ள இடைவெளியும் அப்படித்தான். கைக்காகிதத்தின் மேடுபள்ளத்தில் அதைவிடச் சன்னமான கோடு விட்டு விட்டுத்தான் விழும்.

கட்டை

துணிக்கு அச்சுக்கட்டை செய்ய ராஜஸ்தான், குஜராத் பக்கம் தேக்கு போடுகிறார்கள். தாளுக்குத் தேக்கு சுமார்தான், அதன் நுண்துளைகள் கருப்புப் பரப்பில் வெள்ளைக் கீறலாகத் தெரியும். நம் பக்கம் கிடைப்பதில் வெப்பாலை அருமையானது, சன்னப்பட்டணத்து மரபொம்மைகள் கடைவது இந்த மரத்தில்தான், வெளுப்பாக, நெருக்கமான இழையோடு, எந்தப் பக்கம் உளி போனாலும் அநேகமாகப் பிளக்காது. பெரிய பலகை கிடைக்காது, நமக்குப் பெரிசு தேவையும் இல்லை. அடுத்தது மஞ்சக்கடம்பு. மரவாடியில் இரண்டும் இல்லை என்றால் பிர்ச் பிளைவுட். சாதாரண பிளைவுட்டும் எம்டிஎஃபும் (மர இழையை அழுத்திச் செய்த பலகை) வேண்டாம், முன்னது சிம்பு சிம்பாகப் பெயரும், பின்னதின் ஓரம் ஈரத்தில் பொடியும். சேலம் மாவட்டத்துத் தம்மம்பட்டி, பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூர் மாதிரி மரச்சிற்ப ஊர்கள் பக்கத்தில் இருந்தால் அங்கே போய்க் கழிவுத்துண்டு கேளுங்கள், யாளி பற்றிக் கேட்டால் கூடுதலாக நாலு விஷயமும் கிடைக்கும்.

தடிமன் 18 முதல் 25 மில்லிமீட்டர். தெரிந்தவர் யாரிடமாவது காலால் மிதித்து ஓட்டும் பழைய ட்ரெடில் அச்சு இயந்திரம் இன்னும் ஓடுகிறது என்றால் கட்டையின் உயரத்தைச் சரியாக 23.3 மில்லிமீட்டர் வைத்துக்கொள்ளுங்கள், அதுதான் ஈய எழுத்தின் உயரம், உங்கள் பெயரை ஈய எழுத்தில் கோத்து யாளிக்குப் பக்கத்திலேயே பூட்டி ஒரே அடியில் அச்சிடலாம்.

மேற்பரப்பை இழைத்து, 120-ஆம் நம்பர் உப்புத்தாள், அப்புறம் 240, கடைசியில் 400. நீர்த்த கருப்பு மையை ஒரு கை பூசிக் காயவையுங்கள். செதுக்கும்போது வெட்டுப்பட்ட இடம் வெளுப்பாகத் தெரிய இது உதவும்.

படத்தை மாற்றுவதும் செதுக்குவதும்

அச்சில் படம் இடவலம் மாறும். டிரேசிங் தாளில் வரைந்து, கவிழ்த்துப் போட்டு, அடியில் கார்பன் தாள் வைத்து இழுத்தால் முடிந்தது. கருப்பு பூசிய கட்டையில் சாதாரண கார்பன் தெரியாது, வெள்ளையோ மஞ்சளோ உள்ள தையல்கார்பன் வாங்குங்கள்.

மூன்று உளி போதும்: ‘வி’ வடிவ உளி ஒன்று, 3 மில்லிமீட்டர் வளைவு உளி ஒன்று, 8 மில்லிமீட்டர் வளைவு உளி ஒன்று. இருபது உளி உள்ள மலிவு செட்டைவிட இந்த மூன்றும் கூர்மையாக இருப்பது மேல். பழைய பெல்ட்டின் உள்பக்கத்தில் மெட்டல் பாலிஷ் தடவி, கால் மணிக்கு ஒருமுறை உளியைப் பின்னோக்கி இழுத்துத் தீட்டுங்கள். மழுங்கிய உளிக்குத்தான் அதிக அழுத்தம் கொடுப்போம், கை வழுக்குவதும் அப்போதுதான். கட்டையைக் கிளாம்ப் போட்டுவிடுங்கள், பிடித்திருக்கும் இடது கை எப்போதும் உளிமுனைக்குப் பின்னால் இருக்க வேண்டும், இதில் சமரசமே கிடையாது.

கோட்டின் இரண்டு பக்கமும் ‘வி’ உளியால் ஒரு வாய்க்கால். உளியைக் கோட்டிலிருந்து வெளிப்பக்கம் சரிந்து இறங்குகிற மாதிரிப் பிடியுங்கள், கோட்டின் அடி அகலமாக இருக்க வேண்டும். நேர்செங்குத்தாகவோ உள்நோக்கியோ வெட்டினால் நாலு பிரதிக்குள் கோடு ஒடியும். அப்புறம் நடுவிலிருக்கும் வெற்றிடத்தை வளைவு உளியால் எடுங்கள்: நெருக்கமான இடங்களில் ஒரு மில்லிமீட்டர் ஆழம், பெரிய வெற்றிடங்களில் இரண்டு மூன்று. கைக்காகிதம் மெத்தென்று பள்ளத்துக்குள் இறங்கும், ஆழம் போதாவிட்டால் வெற்றிடத்திலும் மை தொட்டுவிடும்.

யாளியின் கண்ணை முதலில் செதுக்கிவிடுங்கள். மற்றதெல்லாம் முடித்துவிட்டுக் கடைசியில் கண்ணில் வழுக்கினால் கட்டையே போச்சு, முதலிலேயே கெட்டால் திருப்பிப்போட்டு மறுபக்கம் ஆரம்பிக்கலாம். 4 மில்லிமீட்டர் வட்டம் வெட்ட, ‘வி’ உளியை ஒரே இடத்தில் அசையாமல் லேசாக ஊன்றிவைத்து, வலது கையைத் திருப்பாமல் இடது கையால் கட்டையைச் சுற்றுங்கள் (இதற்கு மட்டும் கிளாம்பைக் கழற்றி, இடது கை கட்டையின் பின் ஓரத்தில் இருக்கட்டும்). இழையின் குறுக்கே போகும் கால்வட்டத்தில் உளி கொஞ்சம் அடைக்கும், அங்கே அழுத்தாமல் இரண்டு முறையாக எடுங்கள். கருவிழியை முழுக் கருப்பாக விட்டு, அதில் ஒரு பொட்டு மட்டும் வளைவு உளி நுனியால் கிள்ளி எடுத்தால் பார்வை வந்துவிடும். அந்தப் பொட்டு நடுவில் இருந்தால் யாளி திருதிருவென்று முழிக்கும், மேல் இமைப்பக்கம் தள்ளிவைத்தால் உறுமும்.

மை போடாமலே நடுநடுவே சரிபார்க்கலாம், மெல்லிய தாளைக் கட்டை மேல் போட்டு பென்சிலைப் படுக்கவைத்துத் தேயுங்கள், எங்கே வெட்டு பாக்கி என்று தெரிந்துவிடும்.

மையும் அச்சும்

ஓவியக்கடையில் பிளாக் பிரின்டிங் மை என்று கிடைப்பது தண்ணீர் மை, பழக அது நல்லது, ஆனால் மேலே வாட்டர்கலர் தீட்டினால் கரையும். எண்ணெய் மைதான் நிலைக்கும். தனி மை கிடைக்காத ஊரில் ஆஃப்செட் அச்சகத்துக்குச் சப்ளை செய்யும் கடையில் கருப்பு ஆஃப்செட் மை வாங்கலாம், நிறைய ஓவியர்கள் அதைத்தான் போடுகிறார்கள். அக்ரிலிக் பெயின்ட் வேண்டாம், ரோலரிலேயே காய்ந்துவிடும்.

தாளை முதல்நாள் இரவு ஈரப்படுத்துங்கள். ஒன்றுவிட்டு ஒரு தாளில் லேசாகத் தண்ணீர் தெளித்து, அடுக்கி, பிளாஸ்டிக் கவரில் மூடி மேலே பாரம் வையுங்கள். காலையில் கன்னத்தில் வைத்தால் சில்லென்று இருக்க வேண்டும், ஈரம் பளபளக்கக் கூடாது. அன்றைக்கே அச்சிட்டு முடித்துவிடுங்கள், ஜெலட்டின் பூசிய ஈரத்தாள் நம் வெயிலில் இரண்டு நாள் மூடிக் கிடந்தால் பூஞ்சை பூக்கும்.

கண்ணாடித் துண்டில் புளியங்கொட்டை அளவு மையை வைத்து ரோலரால் மெல்லிய படலமாக ஓட்டுங்கள். சரியான பதத்தில் சன்னமாக ‘ஸ்ஸ்ஸ்’ என்று சத்தம் வரும், ‘சப் சப்’ என்றால் மை அதிகம். அதிக மை செதுக்கிய கோட்டை அடைக்கும், அதோடு சில மாதத்தில் எழுத்துக்குப் பின்னால் மஞ்சள் எண்ணெய் வளையம் வேறு படரும். கட்டையில் ஒரே தடவையில் கொட்டாமல் நாலைந்து மெல்லிய படலமாக, திசை மாற்றி மாற்றிப் பூசுங்கள்.

கடிதத்தாளில் எல்லாப் பிரதியிலும் ஒரே இடத்தில் யாளி நிற்க, ஓர் அட்டையில் கட்டையின் அளவுக்குச் சட்டம் மாதிரி ஓட்டை வெட்டி மேஜையில் ஒட்டி அதற்குள் கட்டையை வையுங்கள். அட்டை கட்டையைவிட இரண்டு மில்லிமீட்டராவது தாழ்வாக இருக்கட்டும். தாளின் மூலை வந்து முட்ட ‘எல்’ வடிவத்தில் இன்னொரு அட்டைத் துண்டு. தாளை மூலையில் முட்டவைத்து மெல்ல இறக்குங்கள், மேலே ஒரு பட்டர் பேப்பர், அதன் மேல் மரக்கரண்டியின் முதுகால் சின்னச் சின்ன வட்டமாகத் தேயுங்கள். ஒரு மூலையை மட்டும் தூக்கிப் பார்த்து, வெளிறிய இடம் இருந்தால் திரும்ப இறக்கித் தேய்க்கலாம், மற்ற மூலை நகராதவரை இரட்டைக்கோடு விழாது.

சின்ன அன்னம், மகரத்தலை மாதிரியானவற்றுக்கு நேர்மாறாக, மேஜையில் கம்பளி விரித்துத் தாளை அதன் மேல் வைத்து, கட்டையைக் கவிழ்த்து உள்ளங்கையால் ஓங்கி ஒரு குத்து. துணி அச்சடிப்பவர்களின் முறை இது, கவர் மடலுக்கு இதுதான் வசதி.

முதல் நாலைந்து பிரதி வெளிறித்தான் வரும், மரம் மை குடிக்கும்வரை சாதாரணத் தாளில் ஓட்டிவிட்டு அப்புறம் நல்ல தாளுக்கு வாருங்கள். அச்சிட்டதைக் கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டால் எண்ணெய் மை நாலிலிருந்து ஏழு நாளில் காயும், ஐப்பசி கார்த்திகை அடைமழையில் இன்னும் இழுக்கும். நன்றாகக் காய்ந்தபின் கண்ணிலோ கழுத்துமணியிலோ மட்டும் வாட்டர்கலர் சிவப்பு ஒரு தொடு தொடலாம். முழுக்க வண்ணம் தீட்டினால் செதுக்கிய கோட்டின் வலு போய்விடும் என்பது என் கட்சி.

அட்டையும் கவரும்

மடிக்கும் இடத்தில் மை தீர்ந்த பால்பாயின்ட் ரீஃபிலை ஸ்கேல் வைத்து இழுத்துக் கோடு போட்டு அப்புறம் மடியுங்கள், இல்லாவிட்டால் கைக்காகிதம் வெடித்து இழை தெரியும். மடித்தால் ஏ6 வரும் அட்டைக்கு 114 × 162 மில்லிமீட்டர் கவர். கைக்காகிதத்தின் பிசிறு ஓரம் மூன்று நாலு மில்லிமீட்டர் கூடுதலாக நீட்டிக்கொண்டிருக்கும், கவர் வெட்டுவதற்கு முன்னால் பிசிறோடு சேர்த்து அளவெடுங்கள். கவருக்கு வேண்டிய பெரிய தாளை வீட்டுத் தொட்டியில் எடுப்பது சிரமம், இதற்கு மட்டும் கடைத்தாள் வாங்குங்கள். கடையில் விற்கும் ஒரு கவரைப் பிரித்து வைத்து அதையே வார்ப்பாக்கி வரைந்துகொள்ளுங்கள்.

விலங்கு மடல் பக்கம் மட்டும் இருக்கட்டும். முகவரிப் பக்கத்தில் கருப்பாக எதையாவது போட்டால் தபால்காரருக்குத்தான் கஷ்டம். முகவரியைத் தண்ணீரில் கரையாத மையில் எழுதுங்கள். இந்த அட்டையும் கவரும் சேர்ந்து 13, 14 கிராம் வரும், முதல் 20 கிராம் எடைக்குள் அடங்கிவிடும், உள்ளே இன்னொரு தாள் வைத்தாலும் சரிதான். தபால்தலையின் பின்பக்கப் பசை இந்தச் சொரசொரப்பில் நிற்காது, ஓரம் ஓரமாகப் பசை தடவி ஒட்டுங்கள், தபால் நிலைய மேஜையில் இருக்கிற பசைக் கிண்ணத்தை நம்பிப் போகாதீர்கள்.

வேலை முடிந்ததும் கட்டையைத் தண்ணீரில் கழுவ வேண்டாம். சமையல் எண்ணெய் தொட்ட துணியால் மையைத் துடைத்து, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் கோட்டு இடுக்குகளைத் தேய்த்து, சோப்பு நீரில் பிழிந்த துணியால் ஒரு துடைப்பு. காய்ந்தபின் செய்தித்தாளில் சுற்றி, படுக்கையாக இல்லாமல் பக்கவாட்டில் நிறுத்தி வைத்தால் இரண்டு பக்கமும் காற்றுப்பட்டு வளையாமல் இருக்கும்.